சிங்கப்பூர்ப் பல்கலைக்கழக விடுதியில் அறை பெறுவது எப்படி? முதன்முறை வருவோருக்கான வழிகாட்டி

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டால் விடுதியில் அறையும் கூடவே வந்துவிடும் என்றுதான் ஊரிலுள்ள பல குடும்பங்கள் நம்புகின்றன. சிங்கப்பூரில் நிலைமை அப்படியன்று. படிப்புக்கு விண்ணப்பிப்பது ஒன்று, விடுதிக்கு விண்ணப்பிப்பது வேறொன்று. இரண்டுக்கும் தனித்தனிக் கெடு, தனித்தனிக் கட்டணம், தனித்தனி மின்னஞ்சல். சென்ற ஆண்டு திருச்சியிலிருந்து படிக்க வந்த என் அக்கா மகளுக்காக இந்த வேலைகள் அனைத்தையும் இங்கிருந்தபடி நான்தான் செய்துமுடித்தேன். கேட்ட கேள்விக்கு ஒருவர் ஒரு பதிலும் மற்றொருவர் அதற்கு நேர்மாறான பதிலும் சொன்னதால் பட்ட அலைச்சல் கொஞ்சமன்று. அந்த அலைச்சல் இனி வருவோருக்கு வேண்டாம் என்பதற்காகவே, எதை எப்போது செய்ய வேண்டும் என்ற வரிசையில் இதை எழுதுகிறேன். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தையும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தையும் மனத்தில் வைத்தே எழுதினாலும், பெரும்பாலான படிகள் மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும்.

1. எந்த வகை விடுதி என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. தேசியப் பல்கலைக்கழகத்தில் விடுதி என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு ஏற்பாடுகள் அடங்கியிருக்கின்றன. ஒவ்வொன்றும் மாணவரிடம் எதிர்பார்ப்பது வேறு, செலவும் வேறு.

முதலாவது, ஹால் எனப்படும் பழைய விடுதிகள். யூசோஃப், கெண்ட் ரிட்ஜ், ஏழாம் கிங் எட்வர்ட், ராஃபிள்ஸ், ஷியர்ஸ், தெமாசெக் ஆகிய ஆறும் இந்த வகையைச் சேர்ந்தவை. விளையாட்டு, நடனம், நாடகம், இசை என்று மாலை முழுவதும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். இவற்றில் கலந்துகொள்வது மாணவரின் விருப்பம் என்று மேலோட்டமாகத் தோன்றும். ஆனால் அடுத்த ஆண்டும் அதே ஹாலில் தங்க இடம் கேட்கும்போது, இந்த ஆண்டு எந்த அளவுக்குப் பங்களித்தீர்கள் என்பதையே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். நன்யாங்கிலும் முதலாண்டுக்குப் பிறகு அறை பெறுவதற்கு இத்தகைய புள்ளிக் கணக்கு உண்டு. வகுப்பு முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு படிக்க விரும்பும் பிள்ளைக்கு ஹால் வாழ்க்கை பொருந்துமா என்பதைப் பெற்றோர் பிள்ளையோடு உட்கார்ந்து பேசியே முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, குடியிருப்புக் கல்லூரிகள். தெம்புசு, ஆலிஸ் பீட்டர் டான் கல்லூரி, ரிட்ஜ் வியூ போன்றவை இவை. இங்கே தங்குவதோடு கல்லூரி நடத்தும் சில பாடங்களையும் எடுத்துப் படிக்க வேண்டும். அவை பட்டப்படிப்பின் ஒரு பகுதியாகவே கணக்கிடப்படும். சேர விரும்புவோர் தம்மைப் பற்றிச் சிறு கட்டுரை எழுதித் தர வேண்டியிருக்கும், நேர்காணலும் நடக்கலாம். ஆகவே மற்ற விடுதிகளைவிட இவற்றுக்கு முன்கூட்டியே ஆயத்தமாக வேண்டும். உணவுத் திட்டம் கட்டாயமாக இருக்கும் கல்லூரிகளில் செலவும் கூடும்.

மூன்றாவது, பிரின்ஸ் ஜார்ஜ் பார்க், யூடவுன் போன்ற குடியிருப்புகள். இங்கே அவரவர் வேலை அவரவருக்கு. பொதுச் சமையலறை இருக்கும், உணவுத் திட்டத்தில் சேர வேண்டிய கட்டாயம் இராது. சமைத்துச் சாப்பிட நினைப்பவர்களுக்கும், சைவ உணவில் கண்டிப்பாக இருப்பவர்களுக்கும், முதுநிலை மாணவர்களுக்கும் என்னைக் கேட்டால் இதையே சொல்வேன்.

நன்யாங்கில் இருபதுக்கும் மேற்பட்ட ஹால்கள் இருக்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் கட்டடத்தின் வயது, குளிர்சாதன வசதி, குளியலறை அறைக்குள்ளே இருக்கிறதா அல்லது பொதுவானதா, வகுப்பறைக்கு எவ்வளவு தொலைவு என்பவற்றில்தான். அந்த வளாகம் தீவின் மேற்குக் கோடியில் இருக்கிறது. பூன் லே எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தில் இறங்கி 179ஆம் எண் பேருந்தில் ஏறி உள்ளே போகலாம். வெளியே வாடகைக்கு இருந்துகொண்டு தினமும் அங்கே போய்வருவது உடம்பை வாட்டும் வேலை. எனவே நன்யாங்கில் இடம் கிடைத்தவர்கள் விடுதி அறையைக் கோட்டைவிடக் கூடாது.

2. பெயரைச் சரிபார்த்து ஆவணங்களை ஆயத்தப்படுத்துங்கள்

தமிழ்க் குடும்பங்களுக்கு மிகுதியாகச் சிக்கல் வருவது இந்த இடத்தில்தான். மதிப்பெண் சான்றிதழில் "மு. கவிதா" என்றிருக்கும், கடவுச்சீட்டில் முதலெழுத்து விரிந்து "கவிதா முருகேசன்" என்றிருக்கும், வங்கிக் கணக்கில் "முருகேசன் கவிதா" என்றிருக்கும். ஊரில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இங்கே கணினி இம்மூன்றையும் மூன்று வெவ்வேறு ஆட்களாகவே பார்க்கும். பல்கலைக்கழக விண்ணப்பம், விடுதி விண்ணப்பம், மாணவர் அனுமதி அட்டை விண்ணப்பம் ஆகிய அனைத்திலும் கடவுச்சீட்டில் அச்சாகியுள்ள பெயரையே அதே எழுத்துக்கூட்டலில், அதே வரிசையில் எழுதுங்கள். குடும்பப் பெயருக்கான கட்டம் கடவுச்சீட்டில் காலியாக இருந்தால், நீங்களாகத் தந்தையின் பெயரை அங்கே இட்டு நிரப்பாதீர்கள். என்ன எழுதுவது என்று பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேட்டு, அவர்கள் தரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். சான்றிதழில் பெயர் வேறுபட்டிருந்தால், இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை ஊரிலேயே வழக்குரைஞரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இதோடு, படிப்புக் காலத்துக்குப் போதுமான செல்லுபடிக் காலம் உள்ள கடவுச்சீட்டு, வெள்ளைப் பின்னணியில் எடுத்த நிழற்படத்தின் மின்படி, பல்கலைக்கழகம் அனுப்பிய சேர்க்கைக் கடிதம், தடுப்பூசிப் பதிவுகள் ஆகியவற்றை ஒரே கோப்புறையில் சேமித்து வையுங்கள். உடல்நலக் காரணத்தால் தனியறையோ தரைத்தள அறையோ தேவைப்பட்டால், அதற்கான மருத்துவர் கடிதத்தை விண்ணப்பத்துடனேயே இணைக்க வேண்டும். அறை ஒதுக்கிய பிறகு கேட்டால் இடம் இராது.

3. விண்ணப்பியுங்கள், மின்னஞ்சலை நாள்தோறும் பாருங்கள்

கல்வியாண்டு ஆகஸ்டில் தொடங்குகிறது. விடுதி விண்ணப்பம் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே திறந்து, சில வாரங்களில் மூடிவிடும். படிப்புக்கான சேர்க்கையை ஏற்றுக்கொண்ட அன்றே விடுதிக்கான கெடு எது என்று பார்த்து நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். முதலாண்டு மாணவர்களுக்கு அறை உறுதியா இல்லையா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். மூத்த மாணவர்கள் சொல்வதை நம்பாமல், உங்கள் சேர்க்கைக் கடிதத்தில் எழுதியிருப்பதையே நம்புங்கள்.

விருப்ப வரிசை கேட்கும் இடத்தில் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு மற்றவற்றைக் காலியாக விடாதீர்கள். குளிர்சாதன வசதியுள்ள தனியறைக்கே போட்டி மிகுதி. இருவர் பகிரும் மின்விசிறி அறையையும் பட்டியலில் சேர்ப்பவர்களுக்கு ஏதோ ஓர் அறை கிடைக்கும் வாய்ப்புக் கூடும்.

அறை ஒதுக்கியிருக்கிறோம் என்ற செய்தி மின்னஞ்சலில் வரும். அதை ஏற்றுப் பணம் செலுத்தச் சில நாள்களே கொடுப்பார்கள். தவறினால் அறை அடுத்தவருக்குப் போய்விடும். பல்கலைக்கழகம் உங்களுக்குப் புதிதாக மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தால், செய்தி அதற்குத்தான் வரும். ஊரில் பழைய முகவரியையே பார்த்துக்கொண்டிருந்து அறையை இழந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். வேண்டாத அஞ்சல்கள் சேரும் பெட்டியையும் தினமும் திறந்து பாருங்கள்.

4. செலவை முழுமையாகக் கணக்கிடுங்கள்

வாடகையை மட்டும் பார்த்து மலிவு என்று முடிவு கட்டக் கூடாது. தேசியப் பல்கலைக்கழகம் வாரக் கணக்கிலும், நன்யாங் மாதக் கணக்கிலும் வாடகையைக் குறிப்பிடுவது வழக்கம் என்பதால் இரண்டையும் நேரடியாக ஒப்பிட முடியாது. வாரம் 130 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று வைத்துக்கொண்டால், 18 வாரங்கள் கொண்ட ஒரு பருவத்துக்கு 2,340 வெள்ளி ஆகும். அதை மொத்தமாகவே கேட்பார்கள், மாதாமாதம் அன்று. இந்த எண் கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கு மட்டுமே. உங்கள் அறைக்குரிய கட்டணத்தை அந்த ஆண்டின் கட்டணப் பட்டியலில் பாருங்கள். 9 விழுக்காடு பொருள் சேவை வரி அதில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

வாடகைக்கு மேல் வருபவை இவை: விண்ணப்பக் கட்டணம் (திரும்பக் கிடைக்காது), முன்வைப்புத் தொகை (அறையை ஒழுங்காக ஒப்படைத்தால் திரும்பக் கிடைக்கும்), உணவுத் திட்டம், குளிர்சாதனக் கட்டணம், துணி துவைக்கும் செலவு, முதல் நாளில் வாங்க வேண்டிய படுக்கை விரிப்பு, தலையணை முதலியவை.

குளிர்சாதனத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பல விடுதிகளில் அதற்கு முன்கூட்டியே பணம் ஏற்றி வைத்து, ஓடுகிற நேரத்துக்கு ஏற்பக் கழியும் முறை இருக்கிறது. அறைக்கு வாடகை கட்டியாகிவிட்டது, குளிர்சாதனமும் அதில் அடக்கம் என்று நினைத்து இரவு முழுவதும் ஓடவிட்டால் இருப்பு வேகமாகக் கரையும். இருவர் பகிரும் அறையாக இருந்தால் யார் எவ்வளவு கட்டுவது என்பதை முதல் வாரத்திலேயே அறைத்தோழருடன் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

தேசியப் பல்கலைக்கழக ஹால்களின் உணவுத் திட்டத்தில் காலை உணவும் இரவு உணவும் அடங்கும். மதிய உணவை வெளியே பார்த்துக்கொள்ள வேண்டும். வார இறுதியில் எல்லா வேளையும் இராது. வகுப்பு, பயிற்சி என்று வேளை தவறிவிட்டால் அதற்குப் பணம் திரும்பி வருவதில்லை. சைவம் மட்டும் உண்பவர்கள் அந்த விடுதியின் உணவுக்கூடத்தில் தினமும் சைவ வரிசை உண்டா, முட்டை சேருமா என்று எழுத்து மூலம் கேட்டுவிட்டே திட்டத்தில் சேருங்கள். நம் ஊர்ச் சாப்பாட்டுக்கு ஏங்கும்போது கெண்ட் ரிட்ஜில் வட்டப் பாதை எம்ஆர்டி ஏறி, பொட்டானிக் கார்டன்ஸில் டௌன்டவுன் பாதைக்கு மாறினால் லிட்டில் இந்தியா வந்துவிடும். மளிகைக்குத் தேக்காச் சந்தையும் முஸ்தஃபா கடையும் அருகிலேயே இருக்கின்றன.

ஊரிலிருந்து பணம் அனுப்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் வங்கி மூலவரி பிடிக்கும். அது வருமான வரிக் கணக்கில் பிறகு சரிசெய்யப்படும். அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து அனுப்பும் தொகைக்கு 2025 ஏப்ரல் முதல் அந்தப் பிடித்தம் இல்லை. வங்கி வழியாகப் பணம் வந்து சேரச் சில வேலை நாள்கள் ஆகும் என்பதால், கெடுவுக்கு முந்தைய நாள் அனுப்பினால் போதாது. கைச்செலவுக்குரிய சிறு தொகைகளை, 2023 பிப்ரவரியில் இணைக்கப்பட்ட இந்தியாவின் யுபிஐ, சிங்கப்பூரின் பேநவ் ஆகிய உடனடிப் பணமாற்று முறைகள் வழியாக அனுப்பலாம்.

5. மாணவர் அனுமதி அட்டை

விடுதியில் குடியேறவும் வங்கிக் கணக்கு தொடங்கவும் இதுவே அடிப்படை. குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின் சோலார் என்னும் இணைய முறையில் விண்ணப்பிக்க வேண்டும். அதற்குரிய பதிவெண்ணைப் பல்கலைக்கழகம் தரும். படிப்பு தொடங்குவதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னதாக விண்ணப்பிக்க இயலாது. ஒரு மாதத்துக்கும் குறைவாக இருக்கும்போது விண்ணப்பித்தால் ஒப்புதல் தாமதமாகலாம். பரிசீலனைக் கட்டணம் தனி. அனுமதி வழங்கும்போது 60 வெள்ளியும், இந்தியக் குடிமக்கள் போன்று விசா தேவைப்படுவோர் பலமுறை வந்துபோகும் விசாவுக்கு 30 வெள்ளியும் கட்ட வேண்டும்.

ஒப்புதல் கடிதம் கிடைத்ததும் அதை அச்சிட்டுக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதன்முறை நாட்டுக்குள் நுழைய அதுதான் பயன்படும். மருத்துவப் பரிசோதனையில் எச்ஐவி இரத்தப் பரிசோதனையும் மார்பு ஊடுகதிர்ப் படமும் அடங்கும். அறிக்கை மூன்று மாதத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பதால், அவசரப்பட்டு ஏப்ரலிலேயே எடுத்துவிடாதீர்கள். 2023 பிப்ரவரி இறுதியிலிருந்து மாணவர் அனுமதி மின்வடிவில்தான் வழங்கப்படுகிறது. பிளாஸ்டிக் அட்டை வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

விமானம் ஏறுவதற்கு முன் எஸ்ஜி வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். வந்துசேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் அதைச் செய்யலாம். அதற்குக் கட்டணமே இல்லை. பணம் கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது ஆணையத்தின் தளமன்று.

6. பெட்டியில் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது

அறையில் கட்டில், மெத்தை, மேசை, நாற்காலி, அலமாரி இருக்கும். விரிப்பு, தலையணை, போர்வை இராது. இங்குள்ள மின்செருகி மூன்று தட்டைக் கால்களைக் கொண்டது. ஊரின் உருண்டைக் கால் செருகிக்கு மாற்றி தேவை. மின்சோற்றுப் பானை, மின்னடுப்பு முதலியவற்றை அறைக்குள் பயன்படுத்த விடுதிகள் அனுமதிப்பதில்லை. எனவே அம்மா ஆசையாகக் கட்டிவைக்கும் சிறு குக்கரை, விடுதியின் விதிகளைப் படித்த பிறகே பெட்டியில் ஏற்றுங்கள்.

அறையில் விளக்கேற்றுவதும் ஊதுபத்தி கொளுத்துவதும் கூடாது. புகையுணர் கருவி ஒலித்தால் கட்டடத்திலுள்ள அனைவரும் கீழே இறங்க வேண்டியிருக்கும், அபராதமும் வரலாம். சாமி படத்துக்கு முன்னால் மின்கலத்தில் எரியும் சிறு விளக்கை வைத்துக்கொள்வதே இங்குள்ள நம் பிள்ளைகள் கண்ட வழி.

கசகசாவை அனுமதியின்றிச் சிங்கப்பூருக்குள் கொண்டுவரக் கூடாது. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டே எடுத்து வையுங்கள். மின்சிகரெட் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. வழக்கமாக மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவர் சீட்டையும் மருந்துடன் வைத்துக்கொள்ள வேண்டும். சில வலி மருந்துகளுக்கும் தூக்க மருந்துகளுக்கும் முன்னனுமதி தேவை.

7. குடியேறும் நாள்

சாவி கொடுக்கும் அலுவலகம் பகல் நேரத்தில்தான் திறந்திருக்கும். திருச்சி, சென்னை விமானங்கள் பல இரவிலும் விடியற்காலையிலும் வந்திறங்குகின்றன. பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே குடியேறும் தேதியையும் நேரத்தையும் உறுதிப்படுத்துங்கள். அந்தத் தேதிக்கு முன்னால் போய் நின்றால் அறை தரமாட்டார்கள். உடன்வரும் பெற்றோர் விடுதி அறையில் தங்க இயலாது. அவர்களுக்கு உறவினர் வீட்டிலோ ஹோட்டலிலோ முன்னதாகவே ஏற்பாடு செய்யுங்கள்.

அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைப் பிரிக்காதீர்கள். முதலில் கைப்பேசியை எடுத்து அறையின் நான்கு மூலைகளையும் படம் பிடியுங்கள். அடுத்து மெத்தையைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள், கறையோ கிழிசலோ இருக்கும். மேசை இழுப்பறை ஒவ்வொன்றையும் முழுக்க இழுத்துப் பார்த்து, பூட்டு வேலை செய்கிறதா என்று சோதியுங்கள். என் அக்கா மகளின் அறையில் அலமாரிக் கதவின் கீழ்க்கீல் கழன்று, கதவு தரையைத் தேய்த்து ஒரு வில் போலக் கீறியிருந்தது. கதவைத் திறந்தால்தான் அந்தக் கீறல் தெரியும். அதைப் படமெடுத்துப் பொருள்பட்டியல் படிவத்தில் எழுதிக் கொடுத்ததால்தான் அறையை ஒப்படைக்கும்போது அந்தச் செலவு அவள் தலையில் விழவில்லை. படிவத்தைத் திருப்பித் தரச் சில நாள்களே அவகாசம் உண்டு. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கும் எந்தச் சேதமும் உங்களுடையதாகவே கருதப்படும்.

இந்த ஊரின் ஈரப்பதத்துக்குப் பூட்டிய அலமாரியில் துணியும் தோல்செருப்பும் பூஞ்சை பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் சிறு டப்பாக்கள் பேரங்காடிகளில் கிடைக்கும். முதல் வாரமே ஒன்றிரண்டு வாங்கி உள்ளே வையுங்கள்.

8. அறை கிடைக்காவிட்டால்

காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதிவு செய்யுங்கள். பருவம் தொடங்கிய முதல் சில வாரங்களில் சிலர் விலகுவார்கள், அறைகள் காலியாகும். அதுவரை வெளியே அறை தேடுவோருக்குச் சட்டம் விதிக்கும் குறைந்தபட்சக் காலம் உண்டு: வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஆறு மாதம், தனியார் வீட்டில் மூன்று மாதம். ஒரு மாதத்துக்கு மட்டும் அறை தருகிறேன் என்று சொல்பவரிடம் போகாதீர்கள். பிரச்சினை வந்தால் மாணவர் அனுமதியே சிக்கலாகும்.

ஊரிலிருந்தபடியே, நேரில் பார்க்காத அறைக்கு முன்பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். முகவர் என்று சொல்பவரின் பதிவெண்ணைச் சொத்து முகவைகள் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். வாடகை ஒப்பந்தத்துக்கு முத்திரை வரி கட்டுவது வாடகைக்கு வருபவரின் பொறுப்பு. ஒப்பந்தம் இங்கே கையெழுத்தானால் 14 நாளுக்குள் கட்ட வேண்டும். மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு என்பதால், மாதம் 900 வெள்ளி வீதம் ஓராண்டுக்குச் சுமார் 43 வெள்ளிதான் ஆகும். சிறிய தொகைதான் என்றாலும், அதைக் கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கமாட்டார்கள்.

9. இடையில் விலகுவதும் காலி செய்வதும்

விடுதி ஒப்பந்தம் பருவத்துக்கோ முழு ஆண்டுக்கோ செய்யப்படுவது. இடையில் விலகினால் எஞ்சிய காலத்துக்கான வாடகையையோ அபராதத்தையோ கட்ட நேரலாம். கையெழுத்திடுமுன் விலகல் பற்றிய பகுதியை மட்டுமாவது வரிவரியாகப் படியுங்கள். டிசம்பர் விடுமுறையில் அறை உங்களுடையதாகவே இருக்குமா என்பதும் அந்த ஒப்பந்தத்தில்தான் இருக்கும்.

மே மாதத் தொடக்கத்தில் தேர்வுகள் முடிந்ததும் சில நாள்களுக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். கோடை விடுமுறையில் வேலைப் பயிற்சிக்காக இங்கேயே தங்குவோர் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அந்த விண்ணப்பமும் தேர்வு நெருக்கடி நேரத்திலேயே வரும் என்பதால் மார்ச் முதலே கவனமாக இருங்கள். ஒப்படைக்கும் நாளன்று அறையைத் துடைத்து, குடியேறிய அன்று எடுத்த அதே கோணங்களில் மீண்டும் படமெடுத்து, சாவியைக் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். முன்வைப்புத் தொகை உங்கள் வங்கிக் கணக்குக்கு வரச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், படிப்பு முடிந்து ஊர் திரும்புவோர் அது வந்து சேரும்வரை சிங்கப்பூர் வங்கிக் கணக்கை மூடாமல் வைத்திருங்கள்.